இணையத்தில் நம்மை வழி திருப்புவது யார்? டோர் உலாவியும் வெங்காய முகவரியும்

2024 செப்டம்பர் முதல் வாரம். நாட்டின் பல வீடுகளில் இணையம் வழக்கம்போலவே ஓடிக்கொண்டிருந்தது. படம் ஓடியது, புலனத்தில் செய்தி வந்தது, யாருக்கும் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. ஆனால் வீட்டு இணைய அமைப்பில் 8.8.8.8 என்ற கூகல் எண்ணையோ 1.1.1.1 என்ற கிளவுட்ஃபிளேர் எண்ணையோ தட்டி வைத்திருந்த சிலருடைய கேள்விகள் அந்த நிறுவனங்களுக்குப் போய்ச் சேரவில்லை. மெக்சிஸ், டைம் உள்ளிட்ட இணையச் சேவை நிறுவனங்கள் அந்தக் கேள்விகளை நடுவழியில் பிடித்து, தங்கள் சொந்தக் கணினிகளுக்குத் திருப்பிவிட்டன. கேட்டவர் கூகலைக் கேட்டதாகவே நினைத்திருப்பார். பதில் சொன்னது வேறொருவர்.

மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையம், அதாவது எம்.சி.எம்.சி., இது தன்னுடைய உத்தரவுதான் என்று உறுதிப்படுத்தியது. சூதாட்டம், ஆபாசம், மோசடி போன்ற தீய தளங்களிலிருந்து மக்களைக் காப்பதே நோக்கம் என்றது. 2018 முதல் 2024 ஆகஸ்டு 1 வரை 24,277 தளங்களை முடக்கியிருப்பதாகவும், அவற்றில் 39 விழுக்காடு இணையச் சூதாட்டம், 31 விழுக்காடு ஆபாசம் என்றும் கணக்குக் காட்டியது. எதிர்ப்பு பலமாக எழுந்தது. செப்டம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை, இந்தத் திட்டத்தைத் தொடர வேண்டாம் என்று தகவல் தொடர்பு அமைச்சர் ஃபாமி ஃபட்சில் ஆணையத்திடம் கேட்டுக்கொண்டதாக அறிவித்தார். இரண்டு மூன்று நாளில் விவகாரம் அடங்கிவிட்டது.

அதே 2024-இல், இதற்கு மூன்று மாதம் முன்னால், ஜூன் மாதத்தில், உலகின் இன்னொரு மூலையில் இதற்கு நேர் எதிரான ஒரு முடிவு எடுக்கப்பட்டிருந்தது. டோர் உலாவி என்ற இலவச மென்பொருளைச் செய்பவர்கள், பயனரைத் தானாகவே ஒரு முகவரியிலிருந்து இன்னொரு முகவரிக்குத் திருப்பிவிடும் வசதியைத் தங்கள் உலாவியிலிருந்து எடுத்துவிட்டார்கள். அது பயனருக்கு நன்மை செய்யவென்று அவர்களே வைத்த வசதி. இந்த இரண்டு திருப்பல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இணையத்தில் நம் வழியைத் தீர்மானிப்பது யார் என்பது ஓரளவு விளங்கும்.

தோட்டத்து ஆபீசும் தபால் பையும்

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எல்பில், டவன்பி, ஹேவுட் என்று தோட்டப் பெயர்களைச் சொல்லியே இடத்தை அடையாளம் காட்டும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். தோட்டத்தில் கடிதம் வீட்டு வாசலுக்கு வந்ததில்லை. தபால் பை ஆபீசுக்கு வரும். கிராணி பிரிப்பார். யாருக்கு ஊரிலிருந்து கடிதம், யாருக்குச் சங்கத்திலிருந்து கடிதம், யாருக்கு வக்கீலிடமிருந்து கடிதம் என்று உறையைப் பிரிக்காமலேயே அவருக்குத் தெரிந்துவிடும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பது தெரிய வேண்டியதே இல்லை. சங்கத்திலிருந்து ஒருவனுக்குக் கடிதம் வந்திருக்கிறது என்ற அந்த ஒரு தகவல் போதும், மறுநாள் பிரட்டுக் களத்தில் துரை அவனை ஒரு மாதிரிப் பார்ப்பதற்கு.

இன்றைய கைப்பேசியில் அந்தக் கிராணி வேலையைச் செய்வது இணையச் சேவை நிறுவனம். உலாவியில் ஓர் அகப்பக்கத்தின் பெயரைத் தட்டினால், முதலில் அந்தப் பெயருக்கு உரிய எண் எது என்று கேட்கும் கேள்வி ஒன்று கிளம்பும். பெயரை எண்ணாக மாற்றித் தரும் இந்த ஏற்பாட்டைத்தான் டி.என்.எஸ். என்கிறார்கள். பெரும்பாலும் அந்தக் கேள்வி திறந்த தபால் அட்டை மாதிரி போகிறது. வழியில் உள்ளவர் படிக்கலாம், பொய்யான பதில் எழுதி அனுப்பலாம், இன்னோர் ஆளுக்குத் திருப்பிவிடலாம். நம் நாட்டில் தளங்களை முடக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நடக்கிறது. தளம் எங்கேயோ நன்றாக இயங்கிக்கொண்டிருக்கும். அதன் எண்ணைக் கேட்டால் கிராணி வேறு எண்ணைக் கொடுப்பார்.

சில உலாவிகளின் முகவரிப் பட்டை பெரும்பாலான தளங்களுக்குப் பூட்டுச் சின்னம் காட்டுகிறது. அதற்குப் பொருள், கடிதம் உறைக்குள் இருக்கிறது என்பது. உறையின் மேல் யார் யாருக்கு அனுப்பியது என்பது இன்னும் தெரிந்துகொண்டுதான் இருக்கிறது. பலர் இந்தப் பூட்டைப் பார்த்துவிட்டு எல்லாம் மறைந்துவிட்டது என்று நம்பிவிடுகிறார்கள்.

சூதாட்டத் தளம் மட்டும்தானா?

சூதாட்டத் தளங்களையும் மோசடி முதலீட்டுத் தளங்களையும் முடக்குவதில் யாருக்கும் பெரிய வருத்தம் இருக்க முடியாது. கைப்பேசிச் சூதாட்டத்தில் சம்பளத்தைத் தொலைத்துவிட்டு ஆலோங்கிடம் போய் நின்ற கதையைக் கேள்விப்படாத தாமான் உண்டா? கேள்வி, அதே கதவால் வேறு எதுவெல்லாம் மூடப்பட்டது என்பதில்தான்.

2015 ஜூலையில் சரவாக் ரிப்போர்ட் என்ற தளம் முடக்கப்பட்டது. கிளேர் ரியூகாசில் பிரவுன் நடத்திய அந்தத் தளம் 1எம்.டி.பி. நிதி மோசடி பற்றி எழுதிவந்தது. அந்தச் செய்தியை மறுபதிப்புச் செய்திருந்த காரணத்தால் 2016 ஜனவரியில் மீடியம் என்ற வலைப்பதிவுத் தளமே முழுதாக முடக்கப்பட்டது. அடுத்த மாதம் தி மலேசியன் இன்சைடர். அது தாங்கவில்லை, 2016 மார்ச் 14-இல் மூடிவிட்டது. 2018 மே 9, பொதுத் தேர்தல் வாக்கு எண்ணும் இரவில், மலேசியாகினியின் முடிவுப் பக்கங்களைச் சில நிறுவனங்களின் வாடிக்கையாளர்கள் திறக்க முடியாமல் போனது. சரவாக் ரிப்போர்ட்டின் முடக்கம் அந்தத் தேர்தலில் ஆட்சி மாறிய பிறகுதான் நீங்கியது. 1எம்.டி.பி. பற்றி அது எழுதியதில் எவ்வளவு உண்மை என்பதை நீதிமன்றங்கள் பின்னால் சொல்லிவிட்டன.

இதில் விசித்திரம் என்னவென்றால், 1998-ஆம் ஆண்டுத் தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் 3-ஆவது பிரிவிலேயே, இந்தச் சட்டத்தில் எதுவும் இணையத்தைத் தணிக்கை செய்ய அனுமதிப்பதாகக் கொள்ளக்கூடாது என்று ஒரு வாசகம் இருக்கிறது. அதே சட்டத்தின் 263-ஆவது பிரிவைக் காட்டித்தான் சேவை நிறுவனங்களிடம் தளங்களை முடக்கச் சொல்கிறார்கள்.

தமிழர்களுக்கு இது புதிதும் இல்லை. 1997 முதல் இயங்கிவந்த தமிழ்நெட் செய்தித் தளத்தை 2007 ஜூனில் இலங்கையில் பார்க்க முடியாமல் செய்தார்கள். போர் உச்சத்துக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. வெளிநாட்டில் இருந்த தமிழர் படிக்க முடிந்த செய்தியைக் கொழும்பில் இருந்தவர் தன் வீட்டு இணையத்தில் படிக்க முடியவில்லை.

சுங்கை சிப்புட்டுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 2008 மார்ச் 8 தேர்தலில், 1974 முதல் இந்தத் தொகுதியைத் தன் கையில் வைத்திருந்த டத்தோஸ்ரீ ச. சாமிவேலுவை டாக்டர் மைக்கல் ஜெயக்குமார் 1,821 வாக்கு வித்தியாசத்தில் தோற்கடித்தார். நாடு முழுக்க அந்தத் தேர்தலில் அச்சு ஏடுகளும் தொலைக்காட்சியும் ஒரு பக்கம், இணையமும் குறுஞ்செய்தியும் மறுபக்கம் என்று இருந்தன. இணையத்தை அலட்சியம் செய்தது பெரிய தவறு என்று அன்றைய பிரதமர் அப்துல்லா அகமட் படாவியே பிறகு ஒப்புக்கொண்டார். அன்று இங்குள்ள தோட்ட வீடுகளில் இணையம் அரிது. பட்டணத்தில் யாரோ அச்செடுத்துக் கொடுத்த தாளைக் கையில் வாங்கிப் படித்தவர்கள்தான் அதிகம். இன்று அந்தத் தாள் இல்லை, அவரவர் கைப்பேசிதான். அதனால் கைப்பேசிக்குள் வரும் செய்தியை யார் எங்கே திருப்ப முடியும் என்பதை அறிந்து வைத்திருப்பது அவசியமாகிறது.

உறைக்குள் உறை

டோர் என்பதன் அடிப்படை யோசனை 1990-களின் நடுவில் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. 2002-இல் வலையமைப்பு இயங்கத் தொடங்கியது. 2006 முதல் டோர் புராஜெக்ட் என்ற இலாப நோக்கமற்ற அமைப்பு அதைக் கவனிக்கிறது. கடற்படை செய்ததை ஏன் ஊருக்கெல்லாம் கொடுத்தார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. கூட்டம் இருந்தால்தான் கூட்டத்தில் மறைய முடியும். கடற்படைக்காரர் மட்டும் பயன்படுத்தும் வழி என்றால், அதில் வருகிறவர் எல்லாம் கடற்படைக்காரர் என்று தெரிந்துவிடுமே.

அது வேலை செய்யும் விதம் இது. கடிதத்தை ஓர் உறையில் போட்டு, அதை இன்னோர் உறையில் போட்டு, அதையும் மூன்றாவது உறையில் போடுங்கள். முதல் ஆளிடம் கொடுத்தால் அவர் வெளி உறையை மட்டும் பிரிக்கலாம். உள்ளே இரண்டாம் ஆளின் பெயர் இருக்கும். இரண்டாம் ஆள் பிரித்தால் மூன்றாம் ஆளின் பெயர். மூன்றாம் ஆள் பிரித்தால்தான் கடிதம் போக வேண்டிய இடம் தெரியும். ஆனால் அதை எழுதியவர் யார் என்று அவருக்குத் தெரியாது. முதல் ஆளுக்கு எழுதியவரைத் தெரியும். எங்கே போகிறது என்று தெரியாது. உலகெங்கும் தன்னார்வலர்கள் நடத்தும் பல ஆயிரம் கணினிகள் இந்த ஆட்களாக நிற்கின்றன. சுற்றிச் சுற்றி இருக்கும் உறைகளால்தான் இதற்கு ஆனியன், அதாவது வெங்காயம், என்று பெயர். பெரியார் வாயிலிருந்து வெங்காயம் என்ற சொல் வந்தால் உரித்துப் பார்த்து உள்ளே ஒன்றுமில்லை என்று பொருள். இங்கே உரித்தால் உள்ளே ஒரு கடிதம் இருக்கிறது.

வி.பி.என். இருக்கிறதே என்று இளைஞர்கள் கேட்பார்கள். வெளிநாட்டுப் படம் பார்க்க அதைப் போட்டவர்கள் பலர். வி.பி.என். செய்வது கிராணியை மாற்றுவது. இந்தத் தோட்டத்துக் கிராணிக்குப் பதில் பக்கத்துத் தோட்டத்துக் கிராணி. புதியவருக்கு நீங்கள் யார் என்பதும் தெரியும், எங்கே போகிறீர்கள் என்பதும் தெரியும். அவர் நல்லவராக இருந்தால் சரி. இலவச வி.பி.என். நடத்துபவர் எதை விற்றுப் பிழைக்கிறார் என்பதை யோசிக்க வேண்டும்.

டோரிலும் ஓர் ஓட்டை உண்டு. மூன்றாவது ஆள், கடைசி வாசலில் நிற்பவர், சாதாரண இணையத்துக்குள் கடிதத்தைத் தூக்கிக் கொடுப்பவர். 2020-இல் ஒரு கும்பல் ஏராளமான கடைசி வாசல்களைத் தானே நடத்தி, பூட்டில்லாத இணைப்புகளில் கைவைத்தது கண்டுபிடிக்கப்பட்டது. அந்த ஆண்டு மே மாதத்தில் மொத்தக் கடைசி வாசல் போக்குவரத்துத் திறனில் ஏறக்குறைய கால்வாசி அவர்கள் கையில் இருந்தது. கடைசி வாசலே இல்லாமல் செய்ய முடியுமா என்ற கேள்விக்குப் பதில்தான் வெங்காய முகவரி.

56 எழுத்து முகவரி

டாட் ஆனியன் என்று முடியும் முகவரிகள் டோர் வலையமைப்புக்கு உள்ளேயே இருப்பவை. படிப்பவர் தன் பக்கத்திலிருந்து மூன்று ஆள் வழியாக வருகிறார். தளமும் தன் பக்கத்திலிருந்து மூன்று ஆள் வழியாக வருகிறது. இருவரும் நடுவில் ஓரிடத்தில் சந்திக்கிறார்கள். எவரும் வெளி இணையத்துக்குப் போக வேண்டியதில்லை. அதோடு, இந்த முகவரிக்கு எண் எது என்று எவரிடமும் கேட்க வேண்டியதும் இல்லை. முகவரியே தளத்தின் பொதுத் திறவுகோல். 56 எழுத்தும் எண்ணும் கலந்த நீண்ட சரம். செப்டம்பர் 2024-இல் திருப்பப்பட்ட அந்த டி.என்.எஸ். கேள்வி இங்கே எழுவதே கிடையாது. திருப்ப ஒன்றும் இல்லை.

ஃபேஸ்புக் 2014-இல் தனக்கு ஒரு வெங்காய முகவரி வைத்துக்கொண்டது. 2016-இல் அமெரிக்கப் புலனாய்வுச் செய்தி அமைப்பான புரோபப்ளிக்கா, 2017-இல் நியூ யார்க் டைம்ஸ், 2019-இல் பிபிசி. சீனா, ஈரான், வியட்நாம் போன்ற நாடுகள் தன்னைத் தடுக்க முயல்வதைப் பிபிசி அப்போது காரணமாகச் சொன்னது. கறுப்புச் சந்தை, போதைப்பொருள் என்று மட்டுமே இந்த முகவரிகளைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களுக்கு இந்தப் பெயர்ப்பட்டியல் ஆச்சரியமாக இருக்கும். அந்தச் சந்தைகளும் இருக்கத்தான் செய்கின்றன. சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ போகும் சாலையில் லாரியும் போகிறது, பள்ளிப் பேருந்தும் போகிறது, கடத்தல்காரன் காரும் போகிறது.

சிக்கல் என்னவென்றால், 56 எழுத்தை யார் மனப்பாடம் செய்வார்கள்? தேடிப் பிடிக்கலாம் என்றால், போலி முகவரிகளைப் பட்டியல் போட்டு வைத்திருப்பவர்கள் உண்டு. முதல் ஏழெட்டு எழுத்து உண்மையான முகவரி போலவே இருக்கும். மீதியை யாரும் ஒப்பிடுவதில்லை. வங்கிக் குறுஞ்செய்தி மோசடியில் நம்மவர்கள் ஏமாறுவதும் இதே பழக்கத்தால்தான்.

ஆனியன்-லொகேஷன் என்ற ஒரு வரி

2020 ஜூன் 2-ஆம் நாள் வெளியான டோர் உலாவியின் 9.5 பதிப்பு இதற்கு ஒரு வழி செய்தது. தளம் தன் வழக்கமான பக்கத்தை அனுப்பும்போது, கூடவே கண்ணுக்குத் தெரியாத ஒரு வரியை அனுப்பும். ஆனியன்-லொகேஷன் என்பது அந்த வரியின் பெயர். எனக்கு இந்த வெங்காய முகவரியும் இருக்கிறது என்பது அதன் பொருள். டோர் உலாவி அதைப் படித்துக்கொள்ளும். கணினியில் முகவரிப் பட்டையின் ஓரத்தில் ஊதா நிறத்தில் ஒரு சிறு குறிப்பு தோன்றும். அதை அழுத்தினால் அதே பக்கம் வெங்காய முகவரியில் திறக்கும். முகப்புக்குத் தூக்கி எறியாமல், படித்துக்கொண்டிருந்த அதே கட்டுரைக்கே கொண்டு போகும்படி தளக்காரர் அமைக்கலாம். குரோம், சஃபாரி போன்ற சாதாரண உலாவிகள் இந்த வரியைக் கண்டுகொள்ளவே மாட்டா. அதனால் மற்ற வாசகர்களுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை.

தளம் நடத்துபவர் பக்கத்தில் வேலை அதிகமில்லை. அப்பாச்சி, என்ஜின்எக்ஸ் போன்ற பரிமாறிகளில் அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும். பரிமாறியில் கைவைக்க உரிமை இல்லாதவர், பக்கத்தின் தலைப்பகுதியில் ஒரு மெட்டா குறியாக அதையே எழுதிவிடலாம். முன்னதாக வெங்காயத் தளம் ஒன்றை நிறுவி, அதன் திறவுகோலைப் பத்திரமாக நகலெடுத்து வைத்திருக்க வேண்டும். திறவுகோல் தொலைந்தால் முகவரி தொலைந்தது; புது அடையாள அட்டை மாதிரி எந்த அலுவலகத்திலும் மறுபடி வாங்க முடியாது.

ஒரு நிபந்தனை முக்கியமானது. அந்த வரி பூட்டுப் போட்ட, அதாவது எச்.டி.டி.பி.எஸ். இணைப்பில் வந்தால்தான் உலாவி மதிக்கும். பூட்டில்லாத பக்கத்தில் வந்தால் ஒதுக்கிவிடும். காரணம், பூட்டில்லாத பக்கம் என்றால் நாம் மேலே பார்த்த அந்தக் கடைசி வாசல் ஆள், தன் சொந்தப் போலி முகவரியை அதில் செருகிவிடலாம். பூட்டு இருந்தால், முகவரியைச் சொல்வது உண்மையில் அந்தத் தளம்தான் என்று தெரியும். பிபிசியின் வெங்காய முகவரியைப் பிபிசியின் வாயாலேயே கேட்பது போல. போலிப் பட்டியல் தொல்லை இதனால் பெருமளவு ஒழிந்தது.

தானாகத் திரும்பும் வசதி ஏன் போனது?

9.5 பதிப்பு வந்தபோது இன்னொரு வசதியும் கூட வந்தது. ஊதாக் குறிப்பை ஒவ்வொரு முறையும் அழுத்தச் சோம்பலாக இருந்தால், வெங்காயத் தளம் இருக்குமிடத்தில் எப்போதும் அதற்கே போ என்று அமைப்பில் சொல்லி வைக்கலாம். பிறகு உலாவி எதையும் கேட்காது, தானாகவே திரும்பிவிடும். பாதுகாப்பான பக்கத்துக்குத்தானே திருப்புகிறது, நல்லதுதானே என்று நான்கு ஆண்டு அது இருந்தது.

2024 ஜூனில் 13.5 பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள். பயனரின் அடையாளத்தை வெளிக்கொணரும் தாக்குதலுக்கு இந்தத் தானியங்கித் தாவல் இடம் கொடுக்கக்கூடும் என்பதே கவலை. யோசித்துப் பார்த்தால் புரியும். வரியை அனுப்புவது தளம். தளக்காரர் கெட்ட எண்ணம் உடையவராக இருந்தால், தன்னிடம் வரும் டோர் வாசகரைத் தனக்கு வசதியான வெங்காயத் தளத்துக்கு இழுத்துப்போய்விடலாம். வாசகர் விரலைக்கூட அசைக்க வேண்டியதில்லை. இன்னொன்று, டோர் உலாவியின் பலமே எல்லோரும் ஒரே மாதிரித் தெரிவதில் இருக்கிறது. சிலர் தானாகத் தாவுகிறார்கள், சிலர் தாவுவதில்லை என்றால், அந்த வித்தியாசமே ஓர் அங்க அடையாளம் ஆகிவிடுகிறது.

இப்போது ஊதாக் குறிப்பு மட்டும் இருக்கிறது. அழுத்துவதும் விடுவதும் படிப்பவர் இஷ்டம். நல்ல இடத்துக்குத் திருப்புவதாக இருந்தாலும் கேட்டுவிட்டுத் திருப்பு என்ற இந்த நிலைக்கு அவர்கள் வந்து சேர்ந்த மூன்றாவது மாதத்தில்தான், இங்கே 8.8.8.8 என்று எழுதிய உறைகள் சொல்லாமல் கொள்ளாமல் வேறு மேசைக்குப் போயின. அங்கேயும் நல்லதற்குத்தான் என்றே சொன்னார்கள். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ஊதாக் குறிப்பு எதுவும் தோன்றவில்லை.

பிரேவ் என்ற உலாவியின் அனுபவமும் இங்கே சேரும். அதன் கணினிப் பதிப்பில் டோர் வழிப் போகும் தனிச் சாளரம் ஒன்று இருக்கிறது. வெங்காய முகவரிக்குத் தானாகத் திருப்பும் அமைப்பும் அதில் உண்டு. 2021 பிப்ரவரியில் அதில் ஒரு பிழை வெளிவந்தது. அந்தச் சாளரத்தில் திறந்த வெங்காய முகவரிகளைப் பற்றிய கேள்விகள் டோருக்குள் போகாமல் சாதாரண டி.என்.எஸ். வழியாகக் கசிந்துகொண்டிருந்தன. மறைவாகப் போகிறோம் என்று நினைத்தவரின் உறை கிராணி மேசையில் விழுந்துகொண்டிருந்தது. பிழையை உடனே திருத்திவிட்டார்கள். ஆனாலும் உயிருக்கோ வேலைக்கோ ஆபத்துள்ள விஷயம் என்றால் டோர் உலாவியையே பயன்படுத்துவது நல்லது. பிரேவை வசதிக்கு வைத்துக்கொள்ளலாம்.

யாருக்கு இது தேவை?

சம்பளப் பாக்கி பற்றித் தொழிலாளர் சட்டத்தைத் தேடும் காவலாளி, வீட்டுக்குள் அடிபடும் பெண், சொல்ல வெட்கப்படும் நோயைப் பற்றிப் படிக்கும் இளைஞன், தன் மேலாளரின் ஊழலுக்குச் சான்று வைத்திருக்கும் குமாஸ்தா. இவர்களில் யாரும் குற்றவாளி இல்லை. ஆனால் இவர்கள் எதைத் தேடுகிறார்கள் என்பது முதலாளியின் அலுவலக இணையத்திலோ குடும்பத்தார் பார்க்கும் கைப்பேசியிலோ பதிவாகிவிட்டால் நாளைக்குத் தலையெழுத்தே மாறலாம்.

அதே வேளையில் டோர் எதையெல்லாம் செய்யாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். டோர் உலாவிக்குள் போய்ச் சொந்தப் பெயரில் ஃபேஸ்புக் திறந்தால், ஃபேஸ்புக்குக்கு நீங்கள் யார் என்று தெரியும். கைப்பேசியில் உலாவியை மட்டும் டோர் மறைக்கும்; பக்கத்தில் ஓடும் புலனத்தையும் வங்கிச் செயலியையும் அது தொடாது. கைப்பேசி எண்ணோ மைகாட்டைக் காட்டிப் பதிவு செய்ததுதான். டோரைப் பயன்படுத்துகிறார் என்ற செய்தி இணையச் சேவை நிறுவனத்துக்குத் தெரியும். என்ன படிக்கிறார் என்பதுதான் தெரியாது. வீட்டில் உள்ளவரே கைப்பேசியை வாங்கிப் பார்க்கும் நிலை என்றால், உலாவியின் சின்னம் திரையில் இருப்பதே காட்டிக்கொடுத்துவிடும். வெளியே குற்றமானது டோருக்குள்ளும் குற்றமே. 2025 பிப்ரவரி 11 முதல் தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் 233-ஆவது பிரிவில் தண்டனை 500,000 ரிங்கிட் அபராதம், இரண்டு ஆண்டுச் சிறை வரை உயர்ந்திருக்கிறது. பெயர் தெரியாது என்ற துணிச்சலில் அடுத்தவரைத் திட்டி எழுதுவதற்கு இது கருவி இல்லை.

வேகமும் குறைவு. ஆறு பேர் கைமாறி வரும் கடிதம் மெதுவாகத்தான் வரும். படம் பார்க்க ஏற்றதல்ல, படிக்க ஏற்றது. முன்பணக் கைப்பேசித் திட்டத்தில் தரவு குறைவாக உள்ளவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பார்க்க விரும்புகிறவர் வீட்டுக் கணினியில் தொடங்கலாம். டோர் புராஜெக்ட்டின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் உலாவியை இறக்க வேண்டும்; நண்பர் அனுப்பிய கோப்பிலிருந்து வேண்டாம். ஆண்டிராய்டுக்கு அதே அமைப்பின் பதிப்பு இருக்கிறது. ஐபோனுக்கு ஆனியன் பிரவுசர் என்ற செயலியை அந்த அமைப்பே பரிந்துரைக்கிறது. கணினியில் திறந்ததும் இணை என்ற பொத்தானை அழுத்திச் சிறிது நேரம் காத்திருக்க வேண்டும். பிறகு டோர் புராஜெக்ட்டின் தளத்துக்கே போனால் முகவரிப் பட்டையில் ஊதாக் குறிப்பைப் பார்க்கலாம். அதை அழுத்திய பின் தோன்றும் நீண்ட முகவரியைப் புத்தகக்குறியாகச் சேமித்துக்கொண்டால், அடுத்த முறை சாதாரண முகவரி வழியாகச் சுற்றி வர வேண்டியதில்லை. முதல் முறை மட்டும்தான் கடைசி வாசலைக் கடந்து போகிறோம்.

பழைய வலைப்பக்கங்களில் 16 எழுத்து வெங்காய முகவரிகள் இன்னும் காணக் கிடைக்கின்றன. அவை இரண்டாம் தலைமுறை முகவரிகள். 2021 அக்டோபரோடு டோர் உலாவியில் அவற்றின் ஆதரவு நிறுத்தப்பட்டுவிட்டது. அப்படி ஒரு பட்டியல் கைக்கு வந்தால் எழுத்தை எண்ணிப் பாருங்கள். 56 இல்லையென்றால் தட்டிப் பயனில்லை.